உரக்கச் சொன்ன எடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். தினம் ஃபோனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று அம்மா கேலி செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் பள்ளியில் எடை பார்க்கும் நாள் வந்தது. அந்த வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். மிஷின் மைதானத்து ஓரத்தில் இருக்கும், கணக்கு டீச்சர் நோட்டோடு வராந்தா நிழலில் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற நான் எண்ணை உரக்கச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். அரை நாளில் பள்ளி முழுவதையும் முடித்துவிடுகிற டிரில் மாஸ்டர் என்று எனக்குப் பெருமை வேறு. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், வாய் ஓயாமல் பேசுவாள். அறுபத்தொன்று என்று சொன்னேன், வரிசை முழுக்கச் சிரித்தது, விசில் ஊதி அடக்கிவிட்டு அதோடு மறந்தும் போனேன். மூன்றாம் நாள் காலை ஓட்டத்தில் இரண்டாவது சுற்றிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள், பாப்பா. கைகால் எல்லாம் சில்லிட்டிருந்தது. பள்ளியில் டிபன் பாக்ஸைக் குழாயடியில் கொட்டிக் கழுவிவிட்டு, வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லி, இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

அவள் அம்மா தையல் கடையில் வேலை செய்கிறவள், கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். சண்டைக்கு வருவாள் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "கடையில அளவெடுக்கும்போது நாங்ககூட மெதுவாத்தான் சார் சொல்லுவோம், பக்கத்துல நாலு பேர் நிப்பாங்களேன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் நினைவுதான். நீ எட்டாம் வகுப்பில் அதே மிஷின்மேல் ஏறினாய். சொந்தப் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று, மற்றவர்களுக்குச் சொன்னதைவிட ஒரு மடங்கு உரக்கச் சொன்னேன். மறுநாள் முதல் நீ என் வண்டியில் ஏறவில்லை, நடந்தே பள்ளிக்கு வந்தாய். என் பெண்ணைப் பாருங்கள், உடற்பயிற்சிக்காக நடக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டேன். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று அம்மா புலம்பியபோது, குறையட்டும், நல்லதுதானே என்றேன். இப்போதும் நீ அனுப்புகிற படங்களில் எல்லாம் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாய். அம்மா எப்போதோ கவனித்துவிட்டாள். எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மிஷினை இப்போது விளையாட்டுச் சாமான் அறைக்குள் வைத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு கணக்கு டீச்சரே ஒவ்வொருவராகப் பார்த்து எழுதுகிறார். மூன்று நாள் பிடிக்கிறது என்று தலைமை ஆசிரியர் முணுமுணுக்கிறார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் கழித்து வந்தாள். தப்பு என்னுடையதுதான், மன்னிச்சிக்கம்மா என்று அவளிடம் சொன்னேன். "பரவால்ல சார்" என்றாள், தலை நிமிரவில்லை. இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, முன்போலப் பேசுவதும் இல்லை. பிள்ளைகள் ஓட வேண்டும், உடம்பு திடமாக இருக்க வேண்டும் என்பதில் நான் இன்றைக்கும் மாறவில்லை. அதைச் சொல்லத் தெரியாமலே காலம் தள்ளிவிட்டேன்.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன் பாப்பா. அன்று வாத்தியாராக நிற்கத் தெரிந்த எனக்கு அப்பாவாக நிற்கத் தெரியவில்லை. அம்மா ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் தகவல் சொல். எங்கே இருந்தாலும் நீ நிறைவாக, நிமிர்ந்து வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். பதில் எழுது, ஆனால் அவசரப்பட்டு, பரவாயில்லைப்பா என்று மட்டும் எழுதிவிடாதே. மனதில் இருப்பதை எல்லாம் எழுது, திட்டுவதானாலும் எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா