பிளேன் ஏறுமட்டும்

12.03.2024, செவ்வாய்

குணலட்சுமி அன்ரி இன்று விழுந்து விழுந்து சிரித்தா. தொண்ணூறாம் ஆண்டு மயிலிட்டியில் விட்டுவிட்டு ஓடிவந்த தன் வீட்டை அவ சொல்லச் சொல்ல, மகன் ஜெயசுதன் கொம்பியூட்டரில் தட்ட, ஏ.ஐ. வரைந்து தந்தது ஒரு மலைநாட்டுப் பங்களா. புகைபோக்கி வேறு! "உது ஆற்றை வீடு? வெள்ளைக்காரன்ரையோ? எங்கடை வீட்டுக்கு முன்னாலை வலை காயப்போடுற வளவெல்லோ இருந்தது" என்றா. பதினாறாவது தடவைதான் ஓரளவு சரிவந்தது.

இல்லாமல் போன வீடுகளை, இருந்தவர்களின் வாய்ச்சொல்லை வைத்துத் திரும்ப வரைய வைப்பதுதான் எங்கள் திட்டம். நெதர்லாந்தில் ஆறு மாதம், கலைஞர்களுக்கான ஏ.ஐ. ஃபெலோஷிப். ஓவியம் படித்தவள் நான் என்பதால் விண்ணப்பம் என் பெயரில் போனது. ஆனால் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு திரிந்ததும் எழுதி எடுத்ததும் சுதன். நில அளவைக் கந்தோரில் அவனுக்கு இருக்கிற லீவெல்லாம் இதற்கே போகிறது.

நாங்கள் கலியாணம் செய்யப்போகிறோம் என்பது இன்னும் இரண்டு வீட்டுக்கும் தெரியாது. ஃபெலோஷிப் முடிவு வந்த பிறகு சொல்லுவம் என்று வைத்திருக்கிறோம். அன்ரிக்கு நான் மகனோடு வேலை செய்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

19.04.2024, வெள்ளி

கிடைத்துவிட்டது!!!

குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கட்டிப்பிடித்தா. அடுத்த நிமிடமே போய் யன்னலைச் சாத்தினா. "பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்கக்கூடாது. சிவதர்ஷன் ஊரெல்லாம் சொல்லிப்போட்டு விசா இல்லாமல் நிண்டது தெரியும்தானே. ஊராக்களின்ரை கண் பட்டிடும், கண்ணூறு பொல்லாதது."

சிவதர்ஷன் பெரியம்மாவின் மகன். பொய்க் கடிதம் கொடுத்து மாட்டுப்பட்டவன். அதுவும் கண்ணூறாம்! ஆனாலும் அம்மா தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டா.

சுதனுக்குக்கூடவா சொல்லக்கூடாது? எனக்கு உதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் இருக்கிறது.

03.05.2024, வெள்ளி

"மறுமொழி வந்ததோ?" என்று கேட்டான்.

"இல்லை" என்றேன். வாய் கூசவில்லை, அதுதான் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"வரும், யோசியாதையும். சந்நிதி முருகனுக்கு நேத்தி வைச்சிருக்கிறன். வெள்ளிக்கு வெள்ளி போறனான்" என்றான். தொண்டைமானாறு வரை போய்வந்து முகம் வெயிலில் கறுத்திருந்தது. நெற்றியில் திருநீறு. கிடைத்துவிட்ட ஒன்றுக்காக இந்த மனுஷன் இன்னும் வேண்டிக்கொண்டிருக்கிறான். சொல்லடி, சொல்லடி என்று நெஞ்சு கிடந்து அடித்தது. விசா மட்டும் வரட்டும். அன்றைக்கே சொல்லுவேன்.

17.06.2024, திங்கள்

விசா வரவில்லை. அதற்குள் அந்த நிறுவனம் என் பெயரைப் படத்தோடு இணையத்தில் போட்டுவிட்டது. சுதன் கந்தோரில் இருந்து நேரே வந்தான். உள்ளே வராமல் படலையடியிலேயே நின்றான்.

"எப்ப தெரியும்?"

"சித்திரையிலை."

"போன வெள்ளியும் சந்நிதிக்குப் போனனான்."

அம்மாவின் சத்தியம், கண்ணூறு, சிவதர்ஷன் - எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "ஊராக்கள் சரி. நான் உமக்குக் கண்ணூறு போடுவன் எண்டோ நினைச்சனீர்?" என்றான்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? ஒரு கணம், ஒரேயொரு கணம், அப்படியும் நினைத்தேனோ? அவன் ஹெல்மெட்டைப் போட்டான். மோட்டர்சைக்கிள் ஸ்டார்ட் வர நாலு தரம் உதைத்தான். அந்த நேரத்திலாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். மொக்குச் சனியன் நான்.

20.06.2024, வியாழன்

போன் எடுக்கிறான் இல்லை.

14.07.2024, ஞாயிறு

கட்டுநாயக்கா விமான நிலையம். விசா வந்தது, எல்லாம் வந்தது. நான் பிளேன் ஏறினதும் அம்மா ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிடுவா.

11.10.2024, வெள்ளி

இங்கே எல்லாரும் நல்லவர்கள். குளிர்தான் தாங்க முடியவில்லை. என் பொறுப்பாளர், ஒரு வயதான மனுஷி, இன்று கேட்டா: "நீ எழுதித் தந்ததில் எல்லா இடமும் 'நாங்கள்' என்று இருக்கிறதே, மற்ற ஆள் யார்?"

கழிப்பறைக்குள் போயிருந்து குழறினேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லாப் படத்திலும் சுதனின் பெயரையும் போடச் சொன்னேன். போட்டார்கள். அதை அவனுக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறான், மறுமொழி இல்லை. இதோடு நாற்பத்தியொரு மெசேஜ். வெட்கம் கெட்டவள். நாளைக்கும் அனுப்புவேன்.

25.01.2025, சனி

ஆறு மாதம் முடிந்து திரும்பி வந்து, யாழ்ப்பாணத்தில் படங்களைக் காட்சிக்கு வைத்தேன். சுதன் தாயை வாசலில் இறக்கிவிட்டு, "மத்தியானம் வந்து ஏத்துறன் அம்மா" என்று சொல்லிப் போனான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான், கந்தோருக்கு அலுவலாக வருகிற ஆக்களுக்கு ஆட்டுவது போல.

அன்ரி தன் வீட்டுப் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு நெடுநேரம் இருந்தா. "கிணத்தடி சரி. கதவும் சரி" என்றா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தா. குரல் இறங்கியது.

"பிள்ளை, சுதனுக்குப் பேசி முடிச்சாச்சு. தாரிகா எண்டு பேர், வங்கியிலை வேலை. அவனும் ஓம் எண்டிட்டான். கலியாண எழுத்து முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு இருக்கிறம், கண்ணூறு பட்டிடும். நீ எங்கடை பிள்ளை. உனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லப்போறன்?"

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றேன். சாதகப் பொருத்தம் எப்படி என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன்?

எண்பத்தைந்து வீதமாம்.