நீ எனக்குப் பேசிவைத்த கப்

போன செவ்வாய்க்கிழமை திருப்பதியில் நம் காபிக்கடைக்குப் போனேன். நான் வழக்கமாகக் குடிப்பதைக் கேட்டேன், கொடுத்தார்கள். ஒரு வாய் உறிஞ்சியதுமே இனிப்பு தொண்டையைப் பிடித்துக்கொண்டது. கப்பைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்து, இது என்னுடையது இல்லை, மாற்றிக் கொடு என்று சண்டை போட்டேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் நீ போய் ஏழு மாதம் கழித்து, உன் வேலை ஒன்று அந்தச் சண்டையில்தான் எனக்குத் தெரியவந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்பதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் அங்கே போக ஆரம்பித்தது ஆசைப்பட்டு இல்லை. உன் முட்டிக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. உன்னால் கிளட்ச் மிதிக்க முடியாது. சித்தூரிலிருந்து நான்தான் வண்டி ஓட்டினேன். எனக்கும் அங்கேயே காரியம் இருந்தது. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் நீயும் நானும் கூலிக்குக் கிரேட் தூக்கிய காலத்தில் ஆரம்பித்த ஹெர்னியா, மண்டியில் ஆளுக்கொரு கடை போட்டு உட்கார்ந்த பிறகு தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு நின்றது. டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நூத்தி நாலு கிலோ இருக்கீங்க. பத்து கிலோ எறக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கத்தி வைக்க மாட்டேன். நடுவுல குடல் மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து, ஞாபகம் வெச்சிக்கோங்க."

உனக்கும் அதே பத்து கிலோ. இறக்கினால்தான் முட்டி மாற்றுவார்கள்.

அங்கிருந்த டயட் அம்மா ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். நான் மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டேன். நீ வண்டியில் உட்கார்ந்து, மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்காரன் கொடுக்கும் அக்ரிமெண்ட்டைப் படிப்பது மாதிரி வரி வரியாகப் படித்தாய்.

"மச்சான், இட்லி ரெண்டு. சரி. சோறு ஒரு கரண்டி. சரி. மாம்பழம் கூடாது. அத்த வுடு, விக்கிறவன் எங்க துன்றான். இங்க பாரு, காபி ரெண்டு வேளைன்னு போட்டுக்கீது. அளவு போடல."

"யோவ், அது வீட்டுக் காபி."

"வீட்டுக் காபின்னு எங்க எழுதிக்கீது? காட்டு."

காட்ட முடியவில்லை. எழுதாதது தடை இல்லை என்பதுதான் நம் வியாபாரம். முப்பது வருடம் அப்படியே பிழைத்த இரண்டு பேர், டயட் தாளையும் அப்படியே படித்தோம். ஆஸ்பத்திரிக்கு எதிரில் அந்தக் கடை. ஏறுவதற்குப் படி இல்லை, உன் முட்டிக்கு அதுவே போதும் என்று உள்ளே போனோம்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த முதல் கப் மாதிரி ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை. ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கப். அரைத்த ஐஸும் காபியும் பாலும், மேலே மலை மாதிரி கிரீம், அதன்மேல் கோடு கோடாகக் காரமெல். விலையைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "ஒரு கிரேட் தோத்தாபுரி மாங்கா இதவிட சல்லிசா கெடைக்குமே, மச்சான்." சொல்லிவிட்டு இரண்டு வாங்கினாய். சாந்திபுரம் பக்கம் அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்த வீடுகளில் பிறந்த நாம், ஐம்பத்தெட்டு வயதில், காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் ஏசியில் உட்கார்ந்து, ஸ்ட்ரா சத்தம் போடும்வரை உறிஞ்சினோம். காலையில் இரண்டே இட்லியோடு பசி அடங்காமல் எழுந்த கோபமெல்லாம் அங்கே போய்விடும். செவ்வாய், வியாழன், சனி. தெரபி நாள் ஒன்றைக்கூட நீ தவறவிடவில்லை. முட்டிக்காக என்று உன் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் சோற்றைக் குறைத்தோம். எடை அசையவில்லை. பழம் நிறுக்கும் காட்டாவில்தான் நம்மையும் நிறுத்தோம். நான் ஏறி நின்றால் நீ கூவுவாய்: "நூத்தி நாலு. சட்ட, செருப்பு, போனு, கழிவு ரெண்டு கிலோ போ. நூத்தி ரெண்டு!" விவசாயி லோடுக்குக் கழிவு பிடித்துப் பிடித்துப் பழகிய வாய். சுற்றி நின்ற ஆட்கள் கை தட்டினார்கள். அடுத்த முறை டாக்டருடைய மிஷினில் நாம் ஏறியபோது, அவர் கழிவு எதுவும் தள்ளவில்லை.

அன்றைக்குத்தான் பந்தயம் பேசினோம். டாக்டர் மிஷினில் எவன் முதலில் பத்து கிலோ இறக்குகிறானோ அவன் ஜெயித்தவன். தோற்றவன் மேலே மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். உன் தலைமுடியின் மேல் உனக்கிருந்த பெருமை மண்டிக்கே தெரியும். அந்த வயதிலும் ஒரு வெள்ளை முடி இல்லாமல், டை இல்லாமல், சீப்பை ஜோபியில் வைத்துக்கொண்டு சுற்றியவன் நீ.

இரண்டு வாரம் கழித்து, திரும்பி வரும் வழியில், பூதலப்பட்டு தாண்டியதும் எனக்கு வலி வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். உருண்டை கல் மாதிரி இறுகியிருந்தது. வாந்தி எடுத்தேன். ஸ்டீரிங்கைப் பிடிக்க உன்னால் ஆகாது. நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு என்னைப் பின் சீட்டில் படுக்கவைத்து, முட்டியை மடக்கச் சொல்லி, துண்டை நனைத்து வயிற்றில் போட்டாய். மத்தியான வெயிலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அது தானாக உள்ளே போய்விட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததும் நீ சொன்னது ஒன்றுதான்.

"செத்துகித்துப் பூடாத. எனக்கு வண்டி ஓட்ட ஆளு இல்ல."

அடுத்த தெரபி நாளிலிருந்து உன் நடத்தையில் மூன்று மாறுதல். ஒன்று, கவுண்டருக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றாய். முட்டி வலியோடு நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு போவாய். "இன்னாய்யா, அந்தப் பொண்ணு கிட்ட தெனம் இன்னா பேச்சு?" என்று நான் கிண்டல் செய்தால், "உக்காரு, உனக்கு வயித்துல கோளாறு" என்பாய். இரண்டாவது, நீ காரமெலை விட்டுவிட்டுச் சாக்லேட்டுக்கு மாறினாய். மூன்றாவது, உன் கப்பில் ஒரு வாய் கேட்டால் கொடுக்க மாட்டாய். "எச்சி பண்ணாத" என்று கையால் மூடிக்கொள்வாய். ஒரே பீடியை இழுத்து வளர்ந்தவர்கள் நாம். காசு சேர்ந்ததும் இவனுக்குக் கஞ்சத்தனமும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் உன் முகத்துக்கு நேரே சொல்லியும் காட்டினேன்.

என் எடை இறங்க ஆரம்பித்தது. நூற்றொன்று, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றேழு. உன்னுடையது அப்படியே நின்றது. நான் சும்மா இருப்பேனா? "அதே கட, அதே கப்பு, அதே நாளு. எனக்கு எறங்குது, உனக்கு ஏன் எறங்கல? வூட்டுக்குப் போயி திருட்டுத்தனமா துன்றியா?" என்று காலேஜ் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். நீ ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "உன்னுது ராசியான ஒடம்பு, மச்சான். இன்னா பண்ண சொல்ற."

தொண்ணூற்று நான்கில் டாக்டர் கத்தி வைத்தார். வயிற்றில் வலை வைத்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து என் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். அடுத்த வாரமே பஸ் ஏறி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையெல்லாம் சந்தனத்தோடு நேராக மண்டிக்கு வந்தாய். "வெயிலு நேரா மூளைக்கே போவுது மச்சான்" என்று தலையைத் தடவிக் காட்டினாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தையல் வலித்தது.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, காலையில் செருப்பைப் போடக் குனிந்தவன் நிமிரவில்லை. உன்னைக் கிடத்தியிருந்தபோது தலையில் முடி அரை விரல் அளவுகூட வரவில்லை. சீப்பு சட்டை ஜோபியில் இருந்தது.

நீ போன பிறகு திருப்பதியில் எனக்கு வேலை இல்லை. வீட்டிலேயே இருந்தேன், போட்டதைச் சாப்பிட்டேன், ஏழு மாதத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டது. போன செவ்வாய் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஏறினால் வலை தாங்காது, திரும்பவும் பிதுங்கும், இரண்டாவது தடவை இவ்வளவு சுலபமாக முடியாது என்றார். வெளியே வந்தேன். அதே கப்பைக் குடித்துக்கொண்டேதானே போன முறை இறக்கினோம், மறுபடியும் ஆரம்பிப்போம் என்று அந்தக் கடைக்குள் போனேன். அப்போதுதான் அந்தத் தொண்டையைப் பிடித்த இனிப்பு.

கவுண்டரில் புதிதாக வந்திருக்கும் தெலுங்குப் பெண் மெனுவைக் காட்டி, "இதே சார், நாலு பம்ப் சிரப்பு, மேல கிரீமு, அந்தே, அவ்ளோதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "மாசக்கணக்கா குடிச்சவனுக்கே சொல்லித் தர்றியாம்மா?" என்று நான் கத்த, உள்ளேயிருந்து பிரமிளா வந்தாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் அந்தத் திருத்தணிப் பெண், உனக்கு நன்றாகத் தெரிந்தவள்.

"அங்கிள்! இன்னா இத்தினி நாளா ஆளையே காணோம்? அந்த அங்கிள் வரலியா?"

"இனிமே வர மாட்டான்மா."

அவளுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் மேஜையையே துடைத்தாள். பிறகு என் முன்னால் இருந்த கப்பைத் தள்ளி வைத்தாள்.

"இத்த நீங்க குடிக்காதீங்க. நீங்க குட்ச்சிக்கினு இருந்தது இது இல்ல."

"இது இல்லன்னா?"

"அந்த அங்கிள் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. இனிமே சொல்லலாம் இல்ல?" என்றுவிட்டுச் சொன்னாள். "ஒரு நாளு கவுண்டருக்கு வந்து, 'என்கூட வர்ற ஆளுக்கு வயித்துல ஆபரேசன் கீது, எட எறங்கலன்னா டாக்டரு தொட மாட்டாரு. குடிக்காதன்னா கேக்க மாட்டான், சண்டைக்கு வருவான். நீ வாரத்துக்கு ஒரு பம்ப்பு கொறச்சிக்கினே வா. கிரீம் மேலாக்க பார்வைக்கு லேசா வை'ன்னாரு. ஒரே மாசத்துல உங்க கப்புல சிரப்பே இல்ல அங்கிள். வெறும் பாலு, காபி, ஐஸு."

"அவனுக்கு?"

"அவருக்கு ஃபுல்லு. 'உங்களுக்கும் கொறைக்கட்டுமா'ன்னு நானும் அவருகிட்ட கேட்டேன். 'ஒரே நேரத்துல ரெண்டு லோடு எறக்க முடியாதும்மா, மொதல்ல அவன் லோடு எறங்கட்டும்'னாரு."

வண்டிக்குப் போய்ப் பிரிக்ஸ் மீட்டரை எடுத்துவந்தேன். பழத்தின் இனிப்பை அளக்காமல் ஒரு லோடுகூட வாங்காதவன், அத்தனை மாதம் குடித்த கப்பை ஒரு முறைகூட அளக்கவில்லை. மெனு கப்பிலிருந்து ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் கலந்ததால் கோடு மங்கல்தான், ஆனாலும் இருபத்திரண்டு தெரிந்தது. நம் தோத்தாபுரி நன்றாகப் பழுத்தாலே பதினைந்துதான். பிறகு பிரமிளாவைப் பழைய மாதிரி ஒன்று போடச் சொல்லி அளந்தேன். ஒன்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஒன்பதுதான்.

உன் இதயக் குழாய் அடைப்பு வருடக்கணக்கில் சேர்ந்தது, உன் நைனாவுக்கும் அதுவே என்று டாக்டர் அப்போதே சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் கடையைத் திறந்து உட்கார முடியாது. ஆனால் உன்மேல் கோபம் இருக்கிறது. என் லோடு இறங்கிய அன்றே உன் கப்பையும் குறைத்திருக்க வேண்டும். பேசினபடி அடுத்தது உன் லோடு இல்லையா? அதை மட்டும் நீ செய்யவில்லை.

இன்னொன்று. பந்தயம் செல்லாது. ஒரு பக்கம் தராசில் கை வைத்த வியாபாரம் அது, நான் ஜெயித்ததாக வைத்துக்கொள்ள முடியாது. வருகிற திங்கட்கிழமை மலைக்குப் போகிறேன். அந்த மொட்டை என்னுடையது. என் தலையில் எடுப்பதற்கு அதிகம் இல்லை, இருப்பதைக் கொடுக்கிறேன்.

அந்த ஒன்பது கப்பைக் கடைசிவரை குடித்தேன். அதுதான் என் ருசி, மச்சான். இவ்வளவு நாள் நாக்கில் இருந்தது நீ பேசிவைத்த ருசி என்று தெரிந்து குடித்தது இதுதான் முதல் தடவை. எழுந்தபோது பழக்கம் விடவில்லை. "சிரப் இல்ல, கிரீமும் பேருக்குத்தான். அப்ப வெலையும் கொறையணும் இல்ல?" என்று பிரமிளாவிடம் கேட்டேன்.

"அவரு கேக்கவே இல்ல அங்கிள். ஃபுல்லு வெல குட்த்து, வாய மூடிக்கினு இருக்கறதுக்கு மேல பத்து ரூபா தனியா வெப்பாரு."

நீயா? ஒரு கிரேட்டுக்கு எட்டணா குறைக்க ஒரு மணி நேரம் நிற்பவனா?

அங்கேயே பேசி முடித்தேன். செவ்வாய்க்கிழமை மட்டும், ஒரு கப். சின்னது. சிரப் கிடையாது, கிரீம் பார்வைக்கு. புதுப் பெண்ணுக்கும் சொல்லி வைக்க வேண்டும். சின்ன கப்பின் முழு விலை நூற்று எண்பது, மேலே பத்து ரூபாய். வாயை மூடியதற்கு நீ கொடுத்தாய், வாயைத் திறந்ததற்கு நான் கொடுக்கிறேன்.