ஒட்டாத தைமஸ் செல்கள்

மயிலாப்பூரில் இன்று ரோஸ் மில்க் குடிக்கப் போனேன். பால் ஊற்றுவதற்கு முன் தம்ளர் அடியில் கிடந்த சிவப்பு சிரப்பைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் லேபில் செல்களுக்கு ஊட்டிய திரவத்துக்கும் அதே நிறம். "ஏட்டி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வச்சியா?" என்று காலையில் வந்ததும் கேட்பாய். யாராவது புதிதாகக் கேட்டால் நமக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண் நீ. கிண்டிப் பக்கம் நம் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேஜை. எலிக்கருவில் தைமஸ் சுரப்பி உருவாகும்போது அதன் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். அந்தப் பிடிப்பு இருந்தால்தான் ரத்தத்தில் வரும் இளம் செல்கள் அங்கே தங்கி, நோயை எதிர்க்கப் பழகும். நான் டிரிப்சின் என்ற, புரதத்தை வெட்டும் நொதியை ஊற்றித் தைமஸைச் செல் செல்லாகப் பிரித்து, மறுபடி சேர விட்டுப் பார்த்தேன். சேரவே இல்லை. நான் எடுத்த பருவத்துக் கருவில் அந்தப் புரதமே கிடையாது என்று எழுதிவிட்டேன். கைடும் தலையாட்டிவிட்டார். உதவித்தொகை முடியப்போகிற நேரம், அந்தக் கட்டுரை போனால்தான் எனக்குப் பட்டம்.

நான் செல்களைக் கழுவுவதை நீ பக்கத்தில் நின்று பார்த்தாய்.

"கழுவுற தண்ணில கால்சியம் இருக்கா?"

"இல்லை."

"பெறகு? கால்சியம் இல்லாம டிரிப்சின் ஊத்தினா, செல்லு மேல இருக்க புரதத்தை அது தின்னுரும்லா. நாமளே வெட்டிப் போட்டுட்டு, ஒட்டலைன்னு எழுதுதோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. "அழுது முடி. கேன்டீன்ல இட்லி ஆறிப்போகும்" என்றாய். அப்படி ஒரு அழுத்தக்காரி. சாப்பிட்டு வந்து, உன் வேலையை ஓரங்கட்டிவிட்டு என்னோடு முதலிலிருந்து தொடங்கினாய். கால்சியம் சேர்த்துப் பிரித்த செல்கள் மறுநாள் ஒரு சொட்டுக்குள் சீடை மாதிரி திரண்டு கிடந்தன. கட்டுரை தலைகீழாக மாறியது. பட்டம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அதில் ஒரு வரிக்குக்கூட நான் இன்றுவரை கூசியதில்லை. உன் பக்கத்தில் உட்கார நான் கொடுத்து வைத்தவள்.

போன வருடம் உன் மார்பிலிருந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டதென்று ஸ்கேனில் தெரிந்தது; உனக்கு மட்டும் சொல்லவில்லை. உன் திருவான்மியூர் வீட்டு வாசலிலேயே உன் அண்ணன் என்னை மறித்தார். "சரியாயிட்டு வருதுன்னு சொல்லிருங்கம்மா. நீங்க சொன்னா நம்புவா." சரி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

"பரவிட்டா?" என்று கேட்டாய்.

ஆமாம் என்றேன்.

 நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டாய். "உக்காரு. மிச்ச நாளை என்ன செய்யன்னு பாப்போம்."

அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்திய உன் அண்ணன், நீ போன பிறகும் பேசுவதில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்லியிருந்தால், அதை என்னால் சுமந்திருக்க முடியாது.