விளக்கு வைத்த பிறகு

ஜூலை 8

தம்பி கருணாகரன் இன்றும் ஐந்து மணிக்கே தி.நகர் துணிக்கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டான், மகளிடம் இங்கிலீஷ் வினைச்சொல் கேட்க. ஒரு சொல்லுக்கு மூன்று உருவமாம். கோ, வென்ட், கான். ஒன்று தப்பினாலும் மூன்று அடி, மர ஸ்கேலின் விளிம்பால், விரல் முட்டியில். தாரணிக்குப் பதினொரு வயது. தாய் போய் இரண்டு வருஷம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இங்கிலீஷில் ஏதோ கேட்க, இவன் திருதிருவென்று முழித்தானாம். அந்தக் கோபம் பிள்ளை விரலில் இறங்குகிறது.

இன்று பதினேழு சொல் தப்பு. நான் எண்ணினேன். முருகா, எண்ணிக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

ஜூலை 9

ஆறு மணிக்கு விளக்கேற்றினேன். ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டான். விளக்கு வைத்த வீட்டில் பெண்பிள்ளை அழுதால் லட்சுமி போய்விடுவாள் — அதற்கு மட்டும் பயப்படுகிறான்.

ஜூலை 10

ஐந்தரைக்கே ஏற்றினேன்.

ஜூலை 12

நாலே முக்கால். ராஜா அண்ணாமலைபுரம் முழுக்க வெயில், எங்கள் வீட்டில் விளக்கு.

"என்னக்கா, இப்பவே?"

"ஆடி வருதுல்ல."

பொய்தான். தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலை 15

இப்போது வினைச்சொல்லைக் காலையில் கேட்கிறான். ஆகவே விளக்கை நான் அணைப்பதேயில்லை.

ஜூலை 19

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன்.

காலையில் விளக்கைப் பார்த்தான். ஊதி அணைத்தான். வாயால. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கே — "நீ புத்தகத்த மூடிட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்"னுட்டேன். அவனுக்கு வரல. மூஞ்சி கறுத்துப்போச்சு. என்னை அடிச்சிருக்கலாமே? பிள்ளையோட சுண்டுவிரலப் பிடிச்சுத் திருப்பினான். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். "ரைட், ரோட், ரிட்டன்... சரியாச் சொல்றேம்ப்பா"ன்னா.

குத்துவிளக்கு என் கைக்கு எப்படி வந்ததென்று தெரியாது. அவன் நெற்றியில் அடித்தேன். இரண்டு தடவை. மூன்றாவது, அவன் விழுந்த பிறகு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 20

நேற்று மாவுக்கட்டு போடும்போது டாக்டரம்மா கேட்டார், எப்படி ஒடிந்தது என்று. "கீழ விழுந்துட்டா" என்றான், தன் தலையில் கட்டோடு.

"இல்லம்மா. இவன் ஒடிச்சான். இவன் மண்டைய நான் ஒடச்சேன்."

போலீசிலும் அதையே சொன்னேன். "கூடப் பொறந்தவன்க்கா" என்றான். நான் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 30

ஆதம்பாக்கம். தாரணியின் தாய்மாமன் சுப்புராயன் வீட்டு மாடியில் இருக்கிறோம். தம்பி மேல் ஒரு கேஸ், என் மேல் ஒரு கேஸ். நடக்கட்டும்.

இன்று மூன்று தோசை தின்ற கையோடு வினைச்சொல் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்தாள். இருபதுக்கு ஒன்பது. முன்னால் வைத்துவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பங்கஜம் என்று தமிழில் போட்டேன்.

"அத்த, ஒம்போதுதான்."

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

பிறகு கிட்டே வந்து, "அப்ப நாலாவது தோச ஊத்துறியா?" என்றாள்.