பன்னிரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர்

வியாழன் இரவு.

கரிவலம்வந்தநல்லூர் மாடசாமி அண்ணாச்சி சாயங்காலம் பேசினார். அவர் கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் அணைக்கவும் நான் ஒரு பெட்டி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். "தம்பி, நான் போனத் தொடவே இல்ல. நேத்து மோட்டாரு தானா ஓடிருக்கு." கை பட்டிருக்கும் என்றேன். "நாளைக்குக் கிணத்துல தூர் வார எறங்குதோம். முன்னல்லாம் பியூஸப் பிடுங்கி மடியில வச்சிக்கிட்டுத்தான் எறங்குவோம். இனி அது வேண்டாம்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி. போன்லயே ஆஃப் பண்ணுங்க, போதும்."

சாப்பிடும்போதுதான் உறைத்தது. பெட்டிக்குள் இருந்து மோட்டாரை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த முறை நான் புதிதாக மென்பொருள் தயாரிக்கவில்லை. அவசரத்தில் அவருடைய மெமரி கார்டையே நகலெடுத்துப் பதினோரு பேருக்குப் போட்டுக் கொடுத்தேன். தனித்தனிப் பெயர் வைக்க மறந்துவிட்டேன். புளியங்குடியில் யாரோ எலுமிச்சைக்குத் தண்ணீர் பாய்ச்ச பட்டனைத் தொட்டால் இவர் மோட்டார் ஓடும்.

எல்லாவற்றையும் இங்கிருந்தே நிறுத்தப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒரு பெட்டி மட்டும் பதில் தருகிறது. யாருடையது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி போன் ஸ்விட்ச் ஆஃப். பைக்கை என் தம்பி கடையநல்லூருக்குக் கொண்டுபோய்விட்டான். முதல் பஸ் நாலரைக்கு. எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

நான் சொன்னபடியே செய்வார். போனில் அணைத்துவிட்டு இறங்குவார். பியூஸ் அதன் இடத்திலேயே இருக்கும்.