முன்கூட்டிச் சொன்ன நன்றி

இராயபுரம்,
புதன்கிழமை.

அன்புள்ள ஜூடி அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த பெயரை உறையின் மேல் எழுதிவிட்டேன். உள்ளே அப்படி எழுத எனக்கு வரவில்லை. கடிதத்தை முதலில் தலைமைத் தாய் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் என் வணக்கம். அங்கே போன் கூடாது என்பது ஒரு வகையில் எனக்கு நல்லதுதான். இதையெல்லாம் வாயால் சொல்ல என்னால் முடியாது.

தம்பி ஃப்ரெடியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். துறைமுக யார்டில் கன்டெய்னர் மேலிருந்து விழுந்தவன் இன்னும் எழவில்லை. சில நேரம் கண் திறக்கிறது. எங்களைப் பார்ப்பதில்லை. மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறோம். முதுகுப் புண் ஆறவில்லை. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் அவனுக்கு இருமல் வருகிறது, ஜன்னலை மூடிவிடுகிறோம். அவனோடு வேலை செய்த ஒவைஸ் தினமும் காலையில் வந்து அவனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். அதன் பிறகு நானும் யானைக்கவுனி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். பகலெல்லாம் அம்மாதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினார். நம் வீட்டில் காலேஜ் முடித்தவள் நான்தானே. வெளியே வந்து, அவர் சொன்னதற்குத் தமிழ் தேடிக்கொண்டு நின்றேன். “நீ ஒண்ணும் சொல்லாத, உன் மூஞ்சியே சொல்ட்ச்சி” என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில், பெட்டியில் போடும் சீட்டுகளை அம்புரோஸ் உபதேசியார் வாசிப்பாரே, முதலில் மன்றாட்டு, பிறகு நன்றி. அம்மாவுக்கு எழுதத் தெரியாததால் வாரா வாரம் நான்தான் எழுதித் தருவேன். போன மாதம் ஒரு செவ்வாயன்று, “இந்த வாட்டி நன்றின்னு எழுது” என்றாள். ‘என் மகன் ஃப்ரெடி எழுந்து நடக்கிறான், அந்தோணியாருக்கு நன்றி.’ நான் எழுதாமல் அவளையே பார்த்தேன். “குட்த்தப்புறம் நன்றி சொல்றதுக்கு விசுவாசம் இன்னாத்துக்குடி?” என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

உபதேசியார் அதை வாசித்ததும் கோயிலில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒருவர் கையில் மாலை. கதவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் மட்டும் அம்மாவிடம், “இன்னா வியாகுலம், சாமிக்கே அட்வான்ஸா?” என்றாள்.

அப்போதுதான் செய்தி கேட்டு ஒவைஸ் ஓடி வந்தான். யார்டிலிருந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறான். “மாமு, எய்ந்துகினியாமே!” என்று கீழ்ப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவன் வாசலில் நின்றுவிட்டான். பிறகு கையுறையைக் கழற்றினான். “வந்ததுதான் வந்துட்டேன், இவன திருப்பி வுட்டுட்டுப் போறேம்மா” என்று உள்ளே வந்தான். அவன் போன பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே படியில் உட்கார்ந்து, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அம்மா கோயிலுக்குப் போகவில்லை. அவள் சொன்ன ஒன்றை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. கஞ்சியை வடிகட்டிக்கொண்டே, “ஒரு பொண்ணையே அவுருக்குக் குட்த்துட்டு உக்காந்துகினு கீறேன், ஒரு புள்ளைய எய்ப்பி வுட மாட்டாரா?” என்றாள். உன்மேல் கோபம் இல்லை அக்கா. அவளுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

அந்தோணியாரிடம் நான் என்ன கேட்கிறேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்ல நினைத்தேன். தலைமைத் தாயும் படிப்பார்கள் என்பதால் இவ்வளவுதான் எழுதுகிறேன். புண்ணைக் கழுவும்போது அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் நான் கேட்பது அம்மா கேட்பது அல்ல.

நேற்று செவ்வாய். காலையிலேயே அம்மா கோயில் புடவையை எடுத்து வைத்திருந்தாள். சீட்டு எழுதச் சொன்னாள். மன்றாட்டா, நன்றியா என்று கேட்டேன். “ரெண்டும் வாணாம். அவன் பேரை எழுது” என்றாள். வேறு என்ன எழுத என்றேன். “இன்னா வேணும்னு அவுருக்குத் தெரியாதா? நானுந்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேனே.”

உபதேசியார் அந்தச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு “ஃப்ரெடி” என்று மட்டும் வாசித்துவிட்டு நின்றார். மன்றாட்டுக்குச் சொல்லும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதா, நன்றிக்குச் சொல்லும் ‘உமக்கு நன்றி’ என்பதா என்று தெரியாமல் சனம் முழுக்கப் பேசாமல் இருந்தது. எங்களுக்குப் பின்னாலிருந்து சிலுவையம்மாள் ஒருத்திதான் “ஆமென்” என்றாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா, அவன் எழ வேண்டும் என்று நீ அங்கே கேட்டுக்கொண்டுதான் இருப்பாய். வருகிற செவ்வாய் சாயங்காலம் மட்டும் எதையும் கேட்காதே. அம்மா கேட்பதும் வேண்டாம், நான் கேட்பதும் வேண்டாம். மடத்துக் கோயிலில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முழங்காலில் இருக்கும்போது அவன் பெயரைச் சொல். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. நாங்களும் இங்கே அப்படியே இருப்போம்.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

உன் தங்கை,
ஷிஜி