ஓர்கன் திறக்காத சனிக்கிழமை

மேல்கணக்கு,
ஹேனகந்த தோட்டம்,
குருவிட்ட.
2026 பெப்ரவரி 22, தபசுகால முதல் ஞாயிறு

ஜெர்மனியில் இருக்கும் என் பேத்தி டில்ருக்ஷிக்கு, அப்பாயி சலேத்தம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். ரெண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போனில் திட்டினால் லைன் விழுகிறது அப்பாயி என்று வைத்துவிடுவாய். இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டுவாய். கடிதத்தில் அந்த வித்தையெல்லாம் செல்லாது. முழுக்கப் படி.

நீ அனுப்பிய புத்தகம் வந்தது. அதில் இருப்பதை உன் கையால் தமிழில் எழுதின பன்னிரண்டு பக்கமும் அதோடு வந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் மூன்று தரம் படித்தேன். நீ இப்போது வாசிக்கிற அந்த மலைக்காட்டு ஊர்க் கோயிலில் நாற்பது வருஷம் ஓர்கன் வாசித்த வெள்ளைக்காரர். நெசவுக்காரர் மகன். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பின்னேரம் கோயிலில் உட்கார்ந்து, ஊர் ஜனங்கள் வாயில் வருகிற மாதிரி பூசைப் பாட்டுகள் கட்டியிருக்கிறார். பெரிய பட்டணத்துக் கோயிலில் கூப்பிட்டும் போகவில்லை. எங்கள் ஊர்ச் சாவுக்கு யார் வாசிப்பது என்று கேட்டாராம். அந்த இடத்தில் நீ அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறாய். அவர் பிறந்த இருநூறாவது வருஷ விழா ஏப்ரல் பதினேழாம் தேதி, நீதான் வாசிக்கிறாய், ஆகையால் தாத்தாவின் ஆண்டுப் பூசைக்கு வர முடியாது. இது கடைசி வரியில், சின்ன எழுத்தில்.

ஏன்டி, அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இருக்கிற மனுஷரை நீ இதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததே இல்லையா?

உன் தாத்தா விடியலில் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, பீலித் தண்ணீரில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போவார். அட்டை கடித்த ரத்தக் காலோடு ஓர்கனை மிதிக்க மாட்டார். அவருக்கு யாரும் சுரம் எழுதச் சொல்லித்தரவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தனக்கு மட்டும் விளங்குகிற கோடுகளைப் போட்டு நாற்பத்திரண்டு பாட்டுக் கட்டினார். பட்டணத்துக்குக் கூப்பிட இவரை ஒருவருக்கும் தெரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம். நீ கான்வென்டில் பியானோ படித்த காலத்தில் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எல்லாவற்றையும் மியூசிக் கொப்பியில் எழுதினாய். கொப்பி உன் பெட்டியில் ஜெர்மனிக்குப் போனது. காலண்டர் தாளைக் கறையான் தின்றது. இப்போது அந்தப் பாட்டுகளை ஓர்கனில் வாசிக்க உன் கையை விட்டால் வேறு கை இல்லை.

சாவுப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? ‘கடைசி மரமும் வெட்டியாச்சு ஆண்டவரே, கத்தியை வாங்கிக்கொள்ளும்.’ தோட்டத்தில் எங்கள் பிரிவான இந்த மேல்கணக்கில் வேதக்காரர், இந்துக்காரர் என்று பார்க்காமல் அம்பது வருஷம் எல்லாப் பெட்டிக்கும் அதை வாசித்தார். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவின் புருஷனுக்குத் தேவாரம் பாடி முடித்த பிறகு, பெட்டியைக் கோயில் வாசலில் இறக்கிவைக்கச் சொல்லி, உள்ளே இருந்து வாசித்தார்.

அப்படிப்பட்டவருக்கு என்ன நடந்தது? பெரிய வியாழன் காலையில் சீவன் போனது. அன்று பின்னேரப் பூசையோடு ஓர்கனை மூடினால் ஈஸ்டர் பூசைக்குத்தான் திறக்கலாம். சபைச் சட்டம். வருஷா வருஷம் அவர்தான் மூடிப் பூட்டுவார். சனிக்கிழமை அடக்கம். பூசை இல்லை, மணி இல்லை, ஓர்கன் இல்லை. பாதர் செபத்தை மட்டும் வாசித்தார். பெட்டியில் மண் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அதை நான் கேட்டேன், நீ கேட்கவில்லை.

திங்கட்கிழமை வரை வைத்திருந்தால் பூசையும் பாட்டும் வைக்கலாம் என்று பாதர் சொன்னார். சவப்பெட்டி கொண்டுவந்த மல்சாலாக்காரர் உடம்புக்கு மருந்து போட்டுவிட்டு, நாலு நாள் பயமில்லை என்றார். உங்கப்பா உனக்குப் போன் பண்ணினான். ஈஸ்டருக்கு அந்தக் கோயிலில் வாசிக்க வேறு ஆள் இல்லை என்றாய். போன வருஷமும் வேறு ஆள் இல்லை, இந்த வருஷமும் வேறு ஆள் இல்லை. அந்த ஊரில் என்னடி, எல்லாருக்கும் கை முடமா? உன் புத்தகத்திலேயே படம் இருக்கிறது, கோட்டுப் போட்ட எட்டுப் பேர் ஓர்கனைச் சுற்றி நிற்கிறார்கள்.

நேற்றுச் சுப்பம்மா வந்து பேத்தி எப்ப வர்றா என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அடியாத்தி, இருநூறு வருசத்து வெள்ளைக்காரனுக்குத் தெவசம் பண்ணவா போறா, அப்ப ஒம் புருசன் இன்னும் நூத்தித் தொண்ணூத்தொம்பது வருசம் பொறுக்கணுமே என்று சிரித்தாள். அவள் கையில் இருந்த தேத்தண்ணியை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். பாதிதான் குடித்திருந்தாள்.

குருவிட்ட பஸாரில் குடை தைக்கிற கபூர் நானாவை மேலே வரச்சொல்லி, ஓர்கனின் காற்றுப் பைக்கு ஒட்டுப் போட்டாயிற்று. எலி கடித்த இடத்தில் புதுத் தோல் வைத்துத் தைத்தார். காத்து நிக்கும் அக்கா, வாசிக்கிற ஆள என்னால தைக்க ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனார். கோயிலில் இப்போது கீபோர்ட். பட்டனை அமுக்கினால் கொட்டுச் சத்தம் தானாக வருகிறது. அதை அன்றைக்குத் தொட விடமாட்டேன் என்று சிங்களப் பாதரிடம் சிங்களத்திலேயே சொன்னேன், விளங்கவில்லை என்று சொல்லக் கூடாது பார்.

உன் வெள்ளைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷர். அவர் உயிரோடு இருந்தால், முதலில் உன் வீட்டுச் சாவுக்கு வாசித்துவிட்டு வா என்று அவரே உன்னை விரட்டியிருப்பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் ஒட்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீ வரவில்லை என்று தெரிந்த பிறகும் உங்கப்பா, அம்மா, திங்கக்கெழமையே எடுப்போம், ஐயாவுக்குப் பாட்டு வேணும் என்று அழுதான். நான்தான், அவ வராத சாவுக்குப் பாட்டு ஒரு கேடா, நாளைக்கே தூக்குங்கடா என்றேன். பாதர் ரெண்டு தரம் கேட்டார். ரெண்டு தரமும் அதையே சொன்னேன். எல்லாம் உன் மேல் இருந்த வீம்பு. குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. ஆகையால் அவர் பாட்டில்லாமல் போனதில் நீ பாதி, நான் பாதி. என் பாதிக்கு நான் செய்ய ஒன்றுமில்லை. எனக்கு ஓர்கன் வாசிக்கத் தெரியாது.

ஏப்ரல் பதினேழு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பூசை. புது வருஷ லீவில் எல்லாரும் கணக்கில்தான் இருப்பார்கள். கொப்பியைப் பெரிய பெட்டியில் போடாதே, மடியில் வைத்துக்கொண்டு வா. என்னோடு பேச வேண்டாம், என் வீட்டில் சாப்பிடக்கூட வேண்டாம், நேராகக் கோயிலுக்குப் போ.

வா கண்ணு. உன் பத்து விரலையும் அந்தக் குளிரிலிருந்து மாதா காப்பாற்றட்டும்.

அப்பாயி
சலேத்தம்மா